அணில் வாலை மடக்கிய கதை

கடிக்கலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம். எதற்கும் தடையில்லாத சண்டை ஓர் ஆற்றங்கரையில் பிராணிகளுக்குள் நடந்துவந்தது. ஜெயிப்பது யாரென்று பந்தயம் பிடிப்பது பெருச்சாளி. விடாமல் வேர்க்கடலையைப் பந்தயம் கட்டுவது அணில்.

அணில் லேசுப்பட்ட ஆளில்லை. நண்டின் பிடி, தவளையின் உதை, ஓணானுக்கு எப்போது மூச்சு வாங்கும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. பாதிக்கு மேல் அதன் கணக்கு பலித்தது. ஆனாலும் மழைக்காலத்துக்குச் சேர்த்த வேர்க்கடலை கரைந்துகொண்டே போனது. மற்றவர்களுக்கு ஒன்றுக்கு ஒன்று தரும் பெருச்சாளி, அணில் வந்தால் மட்டும் ஒன்றுக்கு அரை என்றது. தோற்றாலோ கட்டிய கடலை முழுதும் போச்சு.

"அதென்னண்ணே, எனக்கு மட்டும் அரை?"

"உனக்கு நம்பிக்கை வந்தா வால் சிலிர்த்துக்கிட்டு நிக்குதே தம்பி. தூரத்துலயே தெரியுது."

அடுத்த சண்டைக்கு அணில் மிச்சக் கடலை மொத்தத்தையும் உருட்டிக்கொண்டு வந்தது. வாலை மடக்கி, அதன் மேலேயே உட்கார்ந்து, முகத்தை இழவு வீட்டில் இருப்பதுபோல வைத்துக்கொண்டது.

"நண்டு ஜெயிச்சா என்னண்ணே தருவீங்க?"

பெருச்சாளி ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தது.

"ஒண்ணுக்குக் கால்."

"நான்தான் வாலை மடக்கிட்டேனே!"

"அமுக்கி உட்கார வேண்டிய அளவுக்கு நிக்குதா? அப்ப கால்தான் தம்பி."