உங்க தாத்தா எந்த மைன்?

என்ன கண்ணுகளா, எல்லாரும் சௌக்கியமா? மார்கழிக் குளிரில் முட்டி வலி படுத்துகிறதா? வெந்நீர்ப் பையை முட்டியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். எங்கள் கோலார் தங்கவயலில் நடந்த ஒரு குற்றத்தைச் சொல்கிறேன்.

ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் ஒரு காலனி. அதன் நலச்சங்கத்துக்கு டென்னிஸ் என்பவர்தான் செக்ரட்டரி. சுரங்கம் ஓடிய காலத்தில், ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவர்களை நிறுத்தி, தங்கத்தை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று சோதனை போட்டவர். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாச்சு. அந்தக் கண் மட்டும் இன்னும் மூடவில்லை.

சங்கத்தில் ஒரு விதி. வீட்டை நாள் வாடகைக்கு விடக் கூடாது. சொந்தக்காரர் வந்து தங்கலாம். மீறினால் தண்ணீர் கட்.

எதிர்வீட்டு பியூலா, புருஷன் போன பிறகு, மாடியறையை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறாள். சனிக்கிழமை ஆனால் பெங்களூரிலிருந்து கார் வரும். கேட்டால் எல்லோரும் சொந்தக்காரர்கள்! இந்த வாரம் வந்த முகம் அடுத்த வாரம் வராது. டென்னிஸுக்குப் புரியாதா? 'காசு கொடுத்துத்தான் வந்தோம்' என்று ஒரே ஒருவர் வாயிலிருந்து வந்தால் போதும், பியூலா வீட்டுக் குழாய் நின்றுவிடும். நாற்காலியைத் தூக்கி அவள் கேட்டுக்கு நேரே போட்டுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை ஒரு இளஞ்ஜோடி காரிலிருந்து இறங்கியது.

"இன்னா தம்பி, யாரு வூட்டுக்கு?"

"பியூலா சித்தி வூட்டுக்கு, மாமா."

"நான் உனக்கு மாமாவா?"

"சித்தி உங்கள அண்ணான்னுதானே கூப்புடுது? அப்ப மாமாதான்."

டென்னிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "ஏம்மா, பியூலா உனக்கு இன்னா வேணும்?"

"அத்தைங்க."

மாட்டிக்கொண்டார்கள்! "அவனுக்குச் சித்தி, உனக்கு அத்தையா? யாருக்குக் காது குத்தறீங்க?"

அவள் அசரவில்லை. "நான் இவரோட மாமா பொண்ணுங்க. எங்க மாமியார் எனக்குச் சொந்த அத்தை. அத்தையோட தங்கச்சியும் அத்தைதானே?"

டென்னிஸ் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது.

இனி ஒரே வழி. தங்கவயல் ரத்தமா இல்லையா என்று கண்டுபிடிக்க அந்த ஒரு கேள்வி போதும்.

"உங்க தாத்தா எந்த மைன்? இன்னா வேலை?"

"நந்திதுர்க் மைன். ஆளுங்கள உள்ள எறக்குற கேஜ்ல மணி அடிச்சவரு. ஒரு நாளு மணிய மாத்தி அடிச்சு, தொரையையே வேற லெவல்ல எறக்கி வுட்டாராமே, நீங்க கேள்விப்பட்டதில்லையா மாமா?"

பியூலா ஓடிவந்தாள். "அண்ணா, வந்த சனத்த இப்பிடி நிக்க வெச்சுக் கேக்கறீங்களே! வாடா செல்லம், நீ வாம்மா."

இரண்டு பேரும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறினார்கள். திருட்டுச் சிரிப்பு!

"பாடம் சொல்லிக் குடுத்து வரவெக்கிறா," என்று மனைவி கரோலினிடம் பொருமினார்.

"நம்ம வூட்ல கேஸ் தீந்து ரெண்டு நாளாச்சு. அத விசாரிச்சீங்களா?"

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சங்கக் கூட்டம். டென்னிஸ் எழுந்து குற்றச்சாட்டை அடுக்கினார். தலைவர் சின்னசாமி நிதானமாகக் கேட்டார். "சாட்சி யாருனா கீறாங்களா?"

இல்லை.

"அப்ப இனிமே யாரையும் கேட்ல நிறுத்தாதீங்க. காலனி பேரு கெடுது."

பியூலாவின் முகம் ஏனோ வெளுத்துப் போனது. "ஐயோ, அண்ணன் கேக்கட்டுங்க! நல்லதுக்குத்தானே கேக்கறாரு!"

என்ன பெரிய மனசு என்று பெண்களெல்லாம் உச்சுக்கொட்டினார்கள். டென்னிஸ் கூனிக் குறுகி வீட்டுக்குப் போய், நாற்காலியைத் தன் வாசலுக்கே இழுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு குடும்பம் வந்து இறங்கியது. டென்னிஸ் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அப்பாக்காரர் அவர் எதிரே வந்து நின்றார். இருமினார். "பியூலா பெரியம்மா வூடு இதுதானே?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

டென்னிஸ் பேப்பரை இறக்காமலே கையைக் காட்டினார். "போங்க, போங்க."

கொஞ்ச நேரத்தில் மாடியில் ஒரே கூச்சல்.

"இன்னாங்க ஏமாத்து வேலை இது? செக்ரட்டரி விசாரணை உண்டுன்னு விளம்பரத்துல போட்டுத்தானே பணம் வாங்கினீங்க? தாத்தா எந்த மைன்னு கொழந்தைங்க வர்ற வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிகினு வந்திச்சு! அந்தாளு ஏறெடுத்துக்கூடப் பாக்கல!"

"கோச்சிக்காதீங்க சார்," என்று பியூலா கெஞ்சினாள். "போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் கேட்டுகினு இருந்தாரு."

டென்னிஸ் பேப்பரை மடித்தார். இத்தனை மாதம் காத்திருந்த சாட்சி, காசு கொடுத்தவர் வாயாலேயே வந்து விழுந்துவிட்டது. சின்னசாமிக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது கதை. போனைக் கையில் எடுத்தார். நம்பரைத் தேடினார். மேலே குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்டது.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியைத் தூக்கினார். தெருவைத் தாண்டி, பழைய இடத்திலேயே போட்டு உட்கார்ந்து, மாடியைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார்.

"யாரது, என்னைக் கேக்காம ஏறிப் போனது? எறங்குங்க கீழ! உங்க தாத்தா எந்த மைன்?"

உங்கள் காலனியிலும் இப்படி ஒரு செக்ரட்டரி இருப்பாரே, அவர் கதையை எனக்கு எழுதி அனுப்புங்கள் கண்ணுகளா. பியூலா வீட்டு விலாசம் கேட்டு மட்டும் எழுதாதீர்கள்: ஈஸ்டர் வரைக்கும் அங்கே இடமும் இல்லை, டென்னிஸுக்கு லீவும் இல்லை.