டச்சஸிடம் ஒரு விண்ணப்பம்

"மகராசி, என் புருஷனை எனக்குத் திருப்பிக் குடுங்க!"

டாபிதா தடாலென்று மண்டியிட்டாள். மேடைமேல் நீலப் பட்டுக் கவுனும் முத்துமாலையுமாக வீற்றிருந்தவள் இமைகூடக் கொட்டவில்லை.

வின்மோர் டியூக் ராஜாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கடற்படை மொத்தமும் அவர் கைக்குள். அவர் மனைவி டச்சஸ், ஓவியர் ஹார்டிங் வீட்டில் படத்துக்கு உட்காருகிறாள் என்று காதில் விழுந்ததுமே, டாபிதா விலாங்குமீன் அப்பக் கூடையைத் தூக்கிக்கொண்டு, விற்க வந்தவள்போல உள்ளே நுழைந்துவிட்டாள்.

ஹார்டிங் இவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. "சுண்டுவிரல் அசையக் கூடாது" என்று முணுமுணுத்தபடி, நின்றவாக்கிலேயே தீட்டிக்கொண்டிருந்தார்.

"எழுந்திரும்மா, முட்டி தேஞ்சிடும்" என்று கணப்படுப்புப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "கூடையில என்ன? வாசனை ஆளைத் தூக்குதே!"

பழைய தொளதொள அங்கியில், பருத்த பெண் ஒருத்தி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். சமையல்காரியாக இருக்கும் என்று நினைத்த டாபிதா, காரியம் ஆகட்டுமே என்று ஓர் அப்பத்தை நீட்டினாள்.

"உங்களுக்குத் துணிச்சல்தான் அக்கா. டச்சஸ் இருக்கிற இடத்துல ஓவியரே நிக்கிறாரு. நீங்க காலை நீட்டி உக்காந்திருக்கீங்களே!"

"கால் வீங்கிக் கிடக்கு. நீ விஷயத்தைச் சொல்லு."

டாபிதா கொட்டித் தீர்த்தாள். அவள் கணவன் ஹம்ஃப்ரி தேம்ஸ் நதியில் படகோட்டி. நேற்றுக் காலை போருக்குக் கட்டாயமாக ஆள் பிடிக்கும் கடற்படை ஆட்கள் படித்துறையிலேயே அவனை மடக்கி, போர்க்கப்பலில் ஏற்றிவிட்டார்கள். சாயங்காலம் ஆற்றில் நீர் வடியும் ஓதத்தோடு கப்பல் கிளம்புகிறது.

"பீரங்கிச் சத்தம் கேட்டா மனுஷன் தண்ணியில குதிச்சிருவாரு அக்கா!"

"குதிச்சா நீந்தி வந்துடப்போறான். நீச்சல் தெரியும்ல?"

"படகு இருக்கிறவருக்கு நீச்சல் எதுக்கு?"

பருத்தவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். டாபிதாவுக்கு அழுகை பொங்கியது.

"சிரிக்காதீங்க. எனக்கு அந்த ஒரு மனுஷனை விட்டா யாருமில்ல."

பருத்தவளின் சிரிப்பு சட்டென்று நின்றது. கணவன் பேரையும் கப்பல் பேரையும் கேட்டாள். ஓவியரின் காகிதம் ஒன்றை இழுத்து, பேனாவை மையில் தொட்டு மளமளவென்று எழுதினாள்.

"எழுதக்கூடத் தெரியுமா உங்களுக்கு?"

"எங்கப்பா வக்கீலு. அடிச்சுச் சொல்லிக் குடுத்தாரு. இன்னொரு அப்பம் எடு."

இரண்டாவது அப்பத்தைக் கொடுத்துவிட்டு, டாபிதா மேடையை ஓரக்கண்ணால் பார்த்தாள். "மனு எழுதி என்ன பிரயோஜனம்? நான் இந்தக் கத்துக் கத்துறேன், அந்தம்மா வாயைத் திறந்தாங்களா? இப்படி ஒரு மரக்கட்டையோட டியூக் எப்படித்தான் குடித்தனம் பண்றாரோ!"

"பாவம்தான் அந்த மனுஷன்" என்று வாய் நிறைய அப்பத்தோடு தலையாட்டினாள் பருத்தவள்.

ஓவியர் தூரிகையைக் கீழே வைத்தார். "கை முடிஞ்சுது. இறங்கலாம்."

மேடையில் இருந்தவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இறங்கினாள். முத்துமாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "நாளைக்கும் வரணுமா ஐயா? வேற எந்தச் சீமாட்டி படத்துக்காவது கை வேணும்னாலும் சொல்லி அனுப்புங்க."

டாபிதா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அவள் கையில் மடித்த காகிதத்தைத் திணித்தாள் பருத்தவள்.

"ஓடு. கப்பல் கிளம்பறதுக்குள்ள போய்ச் சேரணும்."

"யா... யாருகிட்ட குடுக்கணும்?"

"டியூக்கிட்ட. அவர் பொண்டாட்டி குடுத்ததுன்னு சொல்லு."