தனியே வைக்கவும்

"நாம என்ன ஒண்ணாங்கிளாஸா படிக்கிறோம்?" என்று முணுமுணுத்தார் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்.

காலை எட்டு மணி. ரசாயனக் கிடங்கின் வாசலில் பதினோரு பேரும் வரிசையாக நின்றார்கள். எதிரே லேப் மேடம்.

வந்து இறங்கும் ஒவ்வொரு ரசாயனத்தையும் பரிசோதித்து, அதில் என்ன ஆபத்து என்று வகை பிரித்து, லேபிள் ஒட்டுவது மேடத்தின் வேலை. போன மாதம் வந்த வெள்ளைத் தூளில் ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத் தூளோடு கலந்து, பழுக்கக் காய்ந்த கம்பியை வைத்தார். புஸ்ஸென்று ஒரே மூச்சில் எரிந்து தீர்ந்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தக் காலைப் பாடம்.

"இந்தத் தூள் எரியுமா?"

"எரியாது!" என்றார்கள் பதினோரு பேரும்.

"அப்புறம் எதுக்குப் பயப்படணும்?"

"பக்கத்துல இருக்கறதை எரிய விடும்!"

"எங்க மச்சான் மாதிரி மேடம்" என்றார் டிரைவர். "தானா சண்டைக்கு வர மாட்டான். நடக்கிற சண்டையை ஊதி விடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"தீப்பிடிச்சா மண்ணு போடலாமா?"

"கூடாது!"

"ஏன்?"

"மண்ணு போட்டு மூடினாலும் அணையாது. எரியறதுக்கு வேண்டிய காத்து அதுக்குள்ளயே இருக்கு!"

"அப்ப?"

"தண்ணி! நிறையத் தண்ணி!"

இருபத்தாறு நாளாக இதே கேள்வி, இதே பதில். "எல்லாம்தான் லேபிள்ல எழுதி ஒட்டியிருக்கே, படிச்சுக்க மாட்டோமா? நமக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று டிரைவர் பொருமினார். டீச்சரம்மா என்று மேடத்துக்குப் பெயரும் வைத்தார்.

கடைசியில் ஒரு மனு எழுதினார். 'தினமும் இருபது நிமிடம் எங்களை நிற்கவைத்து அவமானப்படுத்துகிறார். உடனே நிறுத்த வேண்டும்.'

பத்துக் கையெழுத்து விழுந்தது. பதினோராவதாகப் பீப்பா அண்ணனிடம் வந்தது. இருநூறு கிலோ பீப்பாயைத் தனி ஆளாக உருட்டுவதால் அவருக்கு அந்தப் பெயர். ஐம்பது தாண்டிய ஆள், அதிர்ந்து பேச மாட்டார்.

"எங்கே போடணும்?" என்று கேட்டார். டிரைவர் காட்டிய இடத்தில் போட்டார்.

மேனேஜர் மனுவைப் படித்துவிட்டு மேடத்தைக் கூப்பிட்டார். "இவங்களோட மல்லுக்கட்ட என்னால முடியாதும்மா. இந்த வாரத்தோட நிறுத்திடுங்க."

மேடம் தலையசைத்தார்.

வியாழக்கிழமை மதியம் லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது ஒரு பீப்பாய் சரிந்து மூடி திறந்துகொண்டது. கீழே கிடந்த எண்ணெய்ச் சாக்கின் மேல் வெள்ளைத் தூள் கொட்டியது. டிரைவர் அதைப் பார்க்கவில்லை. ஃபோர்க்லிஃப்ட்டைப் பின்னால் எடுத்தார். சக்கரம் ஏறி அரைத்ததும் சாக்கு குபீரென்று பற்றியது.

டிரைவர் குதித்து இறங்கி, ஓடிப்போய் மண் வாளியைத் தூக்கிவந்து கொட்டினார். தீ மண்ணுக்கு அடியிலிருந்து சீறியது. இன்னொரு வாளி எடுத்தார். அதற்குள் அவருடைய பேன்ட்டின் விளிம்பிலும் பற்றிக்கொண்டது.

"மண்ணு வேண்டாண்டா! தண்ணி! நிறையத் தண்ணி!"

பீப்பா அண்ணன் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. குழாயைத் திறந்து, ஹோஸை இழுத்துவந்து, முதலில் டிரைவரைத் தலையோடு கால் நனைத்தார். பிறகு தீயின் பக்கம் திருப்பி, புகை அடங்கிய பிறகும் விடாமல் அடித்தார்.

டிரைவருக்குக் கணுக்காலில் ஒரு கொப்புளம். அதோடு போயிற்று.

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே பதினோரு பேரும் வரிசையில் நின்றார்கள். காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போய்விட்டுத்தான் டிரைவர் வந்து நின்றார்.

"மனுவைத் திருப்பி வாங்கிக் கிழிச்சுட்டேன் மேடம். வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். இன்னிக்கு என் காலு எனக்கு இருக்குன்னா உங்களாலதான். மனசுல வெச்சுக்காதீங்க."

"அடடா, ஹோஸைப் பிடிச்சது அண்ணன்தானே. அவருக்குச் சொல்லுங்க" என்றார் மேடம்.

பாடம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பீப்பா அண்ணன் மட்டும் லேப் வாசலில் வந்து தயங்கி நின்றார்.

"உள்ளே வாங்கண்ணே."

"அந்த மனுவுல என்ன எழுதியிருந்ததுன்னு நேத்துதாம்மா டிரைவர் சொன்னான். சத்தியமா எனக்குத் தெரியாது." குரல் இறங்கியது. "எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. பேரை மட்டும் எழுதக் கத்துக்கிட்டேன். முப்பது வருஷமா இங்க யாருக்கும் தெரியாது. உங்களுக்கு எதிராப் போயி…"

"எனக்குத் தெரியும்ணே."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த வாரம், 'தனியே வைக்கவும்'னு இத்தனை பெருசா எழுதியிருந்த பீப்பாயைக் கொண்டுபோய், சட்டுனு தீப்பிடிக்கிற தின்னர் டின்னுங்க பக்கத்துலயே வெச்சீங்க. ஒரு கயிறைக்கூட ஒழுங்காச் சுத்தி வைக்கிற ஆளு நீங்க, அலட்சியத்துல செய்ய மாட்டீங்க. அப்பவே புரிஞ்சுது."

பீப்பா அண்ணனுக்குக் கண் கலங்கியது. "நேத்து அந்தத் தண்ணி விஷயம் மட்டும் என் காதுல விழாம இருந்திருந்தா, நானும் மண்ணைத்தான் வாரியிருப்பேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைம்மா. ஆனா, என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே? எதுக்கு எல்லார்கிட்டயும் இவ்வளவு பேச்சு வாங்கினீங்க?"

மேடம் சிரித்தார்.

"உங்களை மட்டும் தினமும் தனியாக் கூப்பிட்டா, எதுக்குக் கூப்பிடறாங்கன்னு மீதிப் பத்துப் பேரும் கேட்பாங்களேண்ணே."