இடது முன் சக்கரம்

"இந்தக் காரை எடைக்குப் போடுங்கன்னு சொன்னேன். நீங்க அதுக்கு அடியில போய்ப் படுத்திருக்கீங்க!"

மனைவியின் குரல் ஷெட் வாசலோடு நின்றது. எட்டு மாதமாக அவள் அந்த வாசலைத் தாண்டியதில்லை. கணக்கு வாத்தியாரின் இரண்டு பாதங்கள் மட்டும் காருக்கு வெளியே தெரிந்தன. அவையும் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தன.

ஐம்பது வயதுக் கார். கடைசியாக ஓட்டியது அவள்தான். பக்கத்து சீட்டில் அவள் தம்பி. மழையில், ஒரு வளைவில், பிரேக் போட்டதும் வண்டி இடது பக்கம் ஒதுங்கி மரத்தில் மோதியது. அவளுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. தம்பிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. காரின் நசுங்கிய முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி ஷெட்டில் நிறுத்தியதோடு சரி.

அன்றிலிருந்து அவள் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கூடத்துக்கு வந்தால் அவளுக்கு அடுக்களையில் வேலை வந்துவிடும். அவன் அடுக்களைக்கு வந்தால் மாடியில் துணி காய்ந்துவிடும். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. "நான் கண் அசந்துட்டேன். அவன் காலை நான்தான் எடுத்தேன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. இப்படியே போனால் ஆள் தேற மாட்டாள் என்று டாக்டர் போன வாரம்தான் வாத்தியாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"என்ன மாமா, ஆபரேஷனா? ஆள் பிழைக்குமா?"

தம்பி ஊன்றுகோலோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். திரும்பிப் போக வழியில்லாமல் அவள் ஷெட்டுக்குள் ஓர் அடி வைத்தாள்.

வாத்தியார் ஊர்ந்து வெளியே வந்தார். மூக்கு நுனிவரை கிரீஸ். கையில் ஒரு ரப்பர் வளையம்.

"புஷ் மாத்துறேன். சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற இரும்புக் கை வண்டியோட சேர்ற இடத்துல இது இருக்கும். இந்தா, பாரு."

மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். ரப்பர் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. நடுவில் இருந்த குழாய் ஆடும் பல்லைப் போல ஆடியது.

"இது எந்தச் சக்கரத்தோடது?"

"இடது முன் சக்கரம்."

அவள் அந்தக் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது கிழிஞ்சா என்ன ஆகும்?" அவள் குரல் தணிந்திருந்தது.

"பிரேக்கை மிதிச்சா வண்டி தானா ஒரு பக்கம் இழுக்கும். நான் ஓட்டியிருந்தாலும் அந்த மரம்தான்."

"இல்ல... நான் கண் அசந்து..."

"நீ அசந்தியோ என்னவோ, இது அசந்துடுச்சு. வருஷா வருஷம் நான்தான் பாத்திருக்கணும். பாக்கல. தப்பு என்னோடது."

தம்பி எட்டிப் பார்த்தான். "நாய் குதறின செருப்பு மாதிரி இருக்கு. இதை நம்பியா மாமா என்னை உக்கார வெச்சீங்க?"

அவள் நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. பிறகு காலைப் பார்த்தாள். அந்த ரப்பரை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். குனிய முடியாத தம்பி அவள் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

அழுது முடியும் வரை காத்திருந்து, வாத்தியார் புது புஷ்களை ஏற்றி, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கினார்.

"கடைசி முறுக்கு, வண்டி தரையில நிக்கும்போது ஆள் எடையோட முறுக்கணும். அந்தரத்துல முறுக்கினா புது ரப்பரும் கிழிஞ்சுடும். ரெண்டு பேரும் ஏறுங்க."

"என் எடையில ஒரு கால் கம்மி. கணக்குல கழிச்சுக்குங்க."

"வாயை மூடுடா, எருமை!" என்று அவன் தோளில் அடித்தாள் அவள். அடித்த கையோடு கதவைத் திறந்து, ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

போல்ட் முறுக்கி முடிந்தபோது என்ஜின் சத்தம் கேட்டது. "தெருமுனை வரைக்கும் போய்ட்டு வரோம்" என்றாள். கார் மெல்ல வெளியேறி, நேராகப் போயிற்று.

வாத்தியார் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பழைய இரும்புக் கடைக்காரர்.

"சார், இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன். குவியலைக் கிளறி, இருக்கறதுலயே கிழிஞ்ச புஷ்ஷா வேணும்னு கேட்டு வாங்கினது நீங்க ஒருத்தர்தான். அதைவிட மோசமா இன்னொண்ணு கிடைச்சிருக்கு, எடுத்து வைக்கட்டுமா?"

"வேண்டாம்ப்பா, ஒண்ணே போதும்" என்ற வாத்தியார், காலையில் இடது முன் சக்கரத்திலிருந்து கழற்றிய, ஒரு கீறல்கூட இல்லாத புஷ்ஷைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியின் அடியில் புதைத்தார்.