ஒத்திகைக்கு வந்தவள்

"காலையிலேர்ந்து நாலு பேரக் கொன்னுட்டியேம்மா!" என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர் பாஸ்கல். வேம்புலியம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

'செத்துப்போன' நாலு போலீஸ்காரர்களும் ஆவடி மைதானத்தின் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மந்திரி கூட்டத்தில் குண்டு வெடித்தது. அதை விசாரித்த கமிஷன் சொல்லித்தான் மாதாமாதம் இந்த ஒத்திகை. பொதுஜனமாக நடிக்க ஐம்பது பேர் வருவார்கள். யார் பையில் பொம்மைக் குண்டு என்று கேட்டில் நிற்பவருக்குத் தெரியாது; கண்டுபிடிக்காமல் உள்ளே விட்டால் அவர் செத்த கணக்கு.

பாஸ்கல் போன மாதம்தான் மாற்றலாகி வந்தவர். இந்த அம்மாள் மட்டும் கூப்பிட்டனுப்பாமலே நசரத்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து நிற்பது அவருக்கு ஆச்சரியம்தான்.

மைதானத்தின் மறுகோடியில் ஐந்தாவது கேட். அங்கே நின்றவள் கான்ஸ்டபிள் ஞானகுமாரி. ஏற்கெனவே இரண்டு ஒத்திகையில் கோட்டை விட்டவள். இன்றும் விட்டால் வேலையே போய்விடும். பாடி பக்கம் வீட்டில் அப்பா படுத்த படுக்கை, இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

வரிசையில் வேம்புலியம்மாள் மஞ்சள் பையோடு வந்தாள்.

"கண்ணு, மந்திரியாண்ட ஒரு மனு குடுத்துட்டு ஓடியாந்துர்றேன். எம் புள்ள செத்து மூணு வருசம் ஆவுது, இன்னான்னு கேக்க ஒரு நாதியில்ல!"

அடேயப்பா, என்ன அழுகை! பின்னால் நின்றவர்களுக்கே கண் கலங்கிவிட்டது. "பாவம், வுடும்மா!" என்று ஒருவர் குரல் கொடுத்தார். ஞானகுமாரி கையை நீட்டினாள்.

"பையக் குடுங்கம்மா."

"என்னியப் பாத்தா குண்டு வைக்கிறவ மாரியா கீது?"

"எங்கம்மாவே வந்தாலும் பாக்காம வுட மாட்டேன். குடுங்க."

பையை வாங்கிக் கவிழ்த்தாள். மனுவுக்கு அடியில் ஒரு சோப்பு டப்பா. திறந்தால், ஒயர் சுற்றிய பொம்மைக் குண்டு.

விசில் பறந்தது. "பொழச்சிகினே ஞானகுமாரி!" என்று கை தட்டிக்கொண்டே ஓடி வந்தார் பாஸ்கல். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் வேம்புலியம்மாள் அழுகையை நிறுத்தவில்லை. ஞானகுமாரியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இன்னாம்மா இது, ஒரு தபா தோத்ததுக்கா இவ்ளோ அழுவ? ஆமா, இந்த மாரி அழ உனக்கு யார் கத்துக் குடுத்தாங்க?" என்றார் பாஸ்கல்.

"கமிஷன்ல படிச்சாங்க சார். பெரிய ஆபீசருங்க யார் மேலயும் தப்பில்லியாம். அன்னிக்கு கேட்ல நின்ன போலீஸ்காரன்தான் ஒருத்திக்கு எரக்கப்பட்டு, பையப் பாக்காம வுட்டுட்டானாம். அவன் எம் புள்ள வரதன் சார்."

அவள் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அவனக் கொன்னவ இப்டித்தான் அழுதாளாம்."