நலங்கு மஞ்சள்

நலங்கு முடிந்ததும் அக்கா கோமுவைக் குளிப்பாட்டும் பொறுப்பு செண்பகத்துக்கு வந்தது. கூடத்தில் பெண்களின் கேலி இன்னும் ஓயவில்லை. "மஞ்சள் எப்படி ஒட்டியிருக்கு பாத்தீங்களா! மாப்பிள்ளை மயங்கித்தான் விழப் போறாரு" என்று அத்தை சொன்னது குளியலறை வரைக்கும் கேட்டது. செண்பகம் பயத்தமாவைத் தேய்த்துத் தேய்த்து வெந்நீரை ஊற்றினாள். மஞ்சள் நீர் காலடியில் ஓடி, பிறகு வெறும் நீராகத் தெளிந்தது. அக்காவின் உடம்பு மட்டும் தெளியவில்லை. கழுத்தையும் உள்ளங்கையையும் மறுபடி அழுத்தித் தேய்த்தாள். "வலிக்குதுடி" என்று கோமு நிமிர்ந்தபோதுதான் செண்பகம் அவள் கண்களைப் பார்த்தாள். அங்கே யாரும் மஞ்சள் பூசியிருக்கவில்லை. ஒரு வாரமாக அக்காவுக்குச் சோறு இறங்காததைக் கல்யாணப் பயம் என்று சொல்லி எல்லோரும் சிரித்தது நினைவுக்கு வந்தது. "அக்கா, இது காமாலை. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்." கோமு ஈரக் கையால் அவள் வாயைப் பொத்தினாள். "ஏற்கெனவே ஒரு தடவை கல்யாணம் நின்னு போச்சு. இன்னொரு தடவைன்னா அப்பா தாங்க மாட்டாரு. நாளைக்குப் பூரா தலையைக் குனிஞ்சுதானே உட்காரப் போறேன், என் கண்ணை யாரு பாக்கப் போறா?" கதவு தட்டப்பட்டது. "ஏட்டி, ஒரு கிண்ணம் மஞ்சள் மிச்சமிருக்கு. கன்னத்துல இன்னொரு தடவை பூசிருவோம், கதவைத் தொற" என்றாள் அத்தை. கோமு அவசரமாகச் சேலையைச் சுற்றிக்கொண்டு, கண்களை இறுக மூடி, சிரித்த முகமாக நின்றாள். செண்பகம் தாழ்ப்பாளை நீக்கினாள். அத்தை நீட்டிய கிண்ணத்தை வாங்காமல் அத்தையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "அத்தை, அக்கா கண்ணைப் பாருங்க."