யார் வழிக் கோளாறு?

"உங்க வம்சத்துக் கோளாறுதான் அவருக்கு கேன்சரா வந்திருக்கு! நாளைக்கு என் பையனுக்கும் வந்துட்டா?" என்று எகிறினாள் நோயாளியின் மனைவி.

"எங்கப்பா தொண்ணூறு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு அண்ணி! எங்கண்ணன் கெட்டது உங்க சமையலாலதான்!" என்று பாய்ந்தாள் அவருடைய தங்கை.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"பரம்பரை இல்லம்மா, பையனுக்குப் பயமில்ல. புராஸ்டேட்ல ஏதோ ஒரு செல்லுல, 'வளர்ந்தது போதும்'னு சிக்னல் குடுக்கிற ஜீன் தானா கெட்டுப்போச்சு. நிறுத்தச் சொல்ல ஆளில்லாம அது பெருகிக்கிட்டே போகுது."

"தானா எப்படிக் கெடும்? இவங்க படுத்தின பாட்டுலதான்!"

"வாராவாரம் வந்து நீ மூட்டிவிட்டதுலதான்!"

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த நோயாளி அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்தார்.

"டாக்டர், அந்த ஜீன் இவங்க ரெண்டு பேருக்கும் வேலை செய்யுதான்னு பார்க்க ஒரு டெஸ்ட் எழுதிக் குடுங்களேன்."